காதுகுத்துப் பேனர்

அத்தியாயம் 14

முத்துமீனாவை வருமான வரி அலுவலக வாசலில், கொளுத்துகிற வெயிலில் நிறுத்திவிட்டுப் போன வாரம் நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். வாருங்கள், உள்ளே கூட்டிப் போவோம்.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். முத்துமீனா 'முதல்படி அறக்கட்டளை'யை நடத்துகிறவள். கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர்களில் நிலமில்லாத பெண்களைக் கிராமசபையில் எழுந்து நின்று பேசப் பழக்குவது அவள் வேலை. அறுபத்து மூன்று குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா கேட்டு அறக்கட்டளையின் பேரில் ஐகோர்ட்டில் வழக்கு நடக்கிறது. அந்த மனைகளை ஒட்டி ஒரு கல்குவாரி இருக்கிறது. குவாரிக்காரர்களுக்கு அந்த இடத்தின்மேல் கண்.

இதற்கு நடுவில்தான் அந்த மொட்டைக் கடுதாசி. 'சேவை என்று சொல்லி வரிவிலக்கு வாங்கிக்கொண்டு தேர்தல் வேலை பார்க்கிறார்கள்' என்று யாரோ வரித்துறைக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நோட்டீஸ் வந்து, ஒன்றரை மாதம் அலைந்து, இன்று கடைசி விசாரணை. பதிவு போனால் விலக்கு போகும், நன்கொடை நிற்கும், அறக்கட்டளையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். வழக்குப் போட்டவர்களே இல்லையென்றால் அப்புறம் வழக்கு ஏது, பட்டா ஏது?

திருநகர் வீட்டிலிருந்து பைக்கில் கூட்டி வந்தவன் கணவன் ராஜபாண்டி. ஓர் அரசு ஆபீசில் சூப்பிரண்டு. அரைநாள் லீவு போட்டுவிட்டு, டிபன் பாக்ஸில் எலுமிச்சம்பழச் சாதமும் பாட்டிலில் மோருமாக வந்திருந்தான்.

"பயப்படாத மீனா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதையும் இழுத்துப் போட்டுக்காத."

"நீங்க இருக்கையில எனக்கென்னங்க பயம்?"

மனசாரச் சொல்லிவிட்டுத்தான் படியேறினாள்.

அதிகாரி சத்யப்ரியாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். உசிலம்பட்டிக்காரி. சிரிக்கவும் மாட்டாள், சீறவும் மாட்டாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேள்வி கேட்பாள். அந்த மரியாதைக்காகவே முத்துமீனாவுக்கு அவளைப் பிடித்திருந்தது.

"மனுவுல பதினோரு குற்றச்சாட்டும்மா. பத்துக்கு நீங்க குடுத்த பதிலும் ஆவணமும் சரியா இருக்கு. கிராமசபையில பேசச் சொல்றது தேர்தல் வேலை இல்ல, அது எனக்கும் தெரியும். பதினொன்னாவது மட்டும் பாக்கி."

"கேளுங்க மேடம்."

"உங்க நாத்தனார் தங்கப்பொண்ணு ரெண்டு வருஷம் முந்தி ஊராட்சித் தலைவர் இடைத்தேர்தல்ல நின்னாங்க. அவங்க பிரச்சாரத்துல உங்க டிரஸ்ட்டோட பேரோ முத்திரையோ வந்துச்சா?"

"வரல மேடம்."

"ஒரு நோட்டீஸ்ல? ஒரு பேனர்ல?"

"ஒன்னுல கூட கிடையாது. அந்த விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு. நிக்கப் போறேன்னு அவ சொன்ன அன்னைக்கே எங்க குழுவுல இருந்து ராஜினாமா எழுதி வாங்கிட்டேன்."

சத்யப்ரியா அதைத் தட்டச்சு செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். முத்துமீனா ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துக் கையெழுத்துப் போட்டாள். சத்தியப் பிரமாணத்தின் பேரில் கொடுத்த வாக்குமூலம் அது. மை காய்வதற்குள் சத்யப்ரியா பைலிலிருந்து ஒரு கலர் பிரிண்ட்டை உருவி மேஜைமேல் வைத்தாள்.

"இது என்னம்மா?"

பேனர். காதுகுத்துப் பேனர்.

எங்கள் மதுரைப் பக்கம் கிடாய் வெட்டாமல்கூடக் காதுகுத்து நடத்திவிடலாம். பேனர் வைக்காமல் நடத்தினால் சொந்தக்காரன் சோற்றில் கைவைக்க மாட்டான். நடுவில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயசுப் பாப்பா, தங்கப்பொண்ணுவின் மகள். சுற்றிலும் நாற்பத்திரண்டு தலைகள். காதில் செல்போனோடு பெரியப்பா, பைக்கில் சாய்ந்தபடி சித்தப்பா, ரேஷன் கார்டுக்கு எடுத்த முறைப்பில் ஓர் அத்தை. வலது பக்கம் கைகூப்பி நிற்கிறாள் தங்கப்பொண்ணு, பக்கத்தில் அவள் தேர்தல் சின்னமான பூட்டு சாவி. இடது பக்கம் முத்துமீனா. அவள் தலைக்கு மேலே, படியேறும் பாதம் வரைந்த அறக்கட்டளை முத்திரை. அதற்குக் கீழே பதிவு எண்கூடச் சுத்தமாகத் தெரிந்தது.

"மேடம், இது எங்க வீட்டு விசேஷம். தேர்தல் பேனர் இல்ல."

"ஓட்டுப்பதிவுக்குப் பதினோரு நாள் முந்தி நடந்த விசேஷம். வேட்பாளர் இருக்காங்க, சின்னம் இருக்கு, உங்க முத்திரையும் இருக்கு. எண்ணூறு பேர் வந்து சாப்பிட்டிருக்காங்கன்னு மனுவுல போட்டிருக்கு. நான் என்னன்னு எழுதட்டும்?"

"இந்த முத்திரை அந்தப் பேனர்ல கிடையவே கிடையாது."

"பாருங்க. இருக்குல்ல?"

இருந்தது. முத்துமீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் இருந்தது. அன்று மண்டபத்து வாசலில் அந்தப் பேனருக்குக் கீழே நின்றுதான் எண்ணூறு பேரையும் வாங்க வாங்க என்று கும்பிட்டிருக்கிறாள். முத்திரை இருந்திருந்தால் அவள் கண்ணில் படாமல் போயிருக்குமா? பட்டிருந்தால் அந்த இடத்திலேயே பேனரை இறக்கியிருப்பாளே!

"இதை யார் மேடம் குடுத்தது?"

"அது சொல்ல முடியாதும்மா, கேக்காதீங்க. நகல் ஒன்னு தர்றேன். நாளைக்குச் சாயங்காலம் என் ரிப்போர்ட் சென்னைக்குப் போகுது. இந்த முத்திரை எப்படி வந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆள் இருந்தா நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா," சத்யப்ரியா சற்றுத் தயங்கினாள், "சத்தியம் பண்ணிப் பொய் சொன்னாங்கன்னும் சேத்துத்தான் நான் எழுத வேண்டியிருக்கும்."

வெளியே வேப்பமர நிழலில் ராஜபாண்டி காத்திருந்தான். நகலை வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்து, அப்புறம்தான் அவள் கையில் கொடுத்தான். தனக்காகத்தான் பதறுகிறான் என்று முத்துமீனா நினைத்துக்கொண்டாள்.

"பேனரைக் கட்டுனது யாரு?"

"இம்மானுவேல்தான்."

"நான் யாரையும் கைகாட்டல மீனா. ஆனா உன்மேல கடுப்புல இருக்கறவன் அவன் ஒருத்தன்தான. போட்டோல என்னத்தையாச்சும் ஒட்டிக் குடுத்திருப்பானோ என்னமோ."

இம்மானுவேல் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த டாக்டரின் பேரை நன்றியோடு வைத்துவிட்டார்களே தவிர, வருஷா வருஷம் முனியாண்டிக்குப் பொங்கல் வைக்கிற ஆள். பதினாலு வருஷம் அறக்கட்டளை ஜீப்பை ஓட்டியவன். ஆறு மாதம் முன்னால் அந்த ஜீப்பை ஒரு கட்சிக் கூட்டத்துக்கு ஓட்டிப் போய்விட்டான். பதினைந்து பேர் முன்னிலையில், தம்பி என்றும் பார்க்காமல் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாள் முத்துமீனா. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"நான் கொட்டாம்பட்டி போயிட்டு வாரேன்."

"நான் கொண்டுபோய் விடவா?"

"வேணாம். நீங்க ஆபீசுக்குப் போங்க. இது எங்க அக்கா தம்பிக்குள்ள."

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதிலிருந்து மேலூர் தாண்டும்வரை அவளுக்கு ஒரே நினைப்புதான். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போன பிள்ளை. ஒரு சாவியைப் பிடுங்கியதற்கு அறுபத்து மூன்று வீட்டையா காவு கொடுப்பான்? எலுமிச்சம்பழச் சாதத்தைத் திறக்கக்கூட இல்லை.

நாலுவழிச் சாலை ஓரத்தில் இம்மானுவேலின் பஞ்சர் கடை. லாரி டயரைப் புரட்டிக்கொண்டிருந்தவன் அக்காவைக் கண்டதும் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துத் துடைத்தான். ஆறு மாதப் பேச்சில்லாமை அந்த ஒரு துடைப்பில் போய்விட்டது, அவன் வரைக்கும்.

"வாக்கா. உக்காரு."

"எம்புட்டு வாங்குன?"

"என்னத்தை?"

"என்னைய விக்கிறதுக்கு எம்புட்டு வாங்குனேன்னு கேட்டேன்."

டயருக்குக் காத்திருந்த லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார். முத்துமீனாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. நகலை அவன் நெஞ்சில் விட்டெறிந்தாள்.

"ஜீப்பு சாவியை வாங்குனதுக்கு என் உசுரை வாங்கிட்டியேடா! நேருக்கு நேரா வந்து திட்டிருக்கலாம்ல? நாலு பேரு முன்னாடி என்னைய அசிங்கப்படுத்திருக்கலாம்ல? எவனோ குவாரிக்காரன் கையில போட்டோவைக் குடுத்து..."

இம்மானுவேல் பதிலுக்குக் கத்தியிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை. கையைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்துப் பார்த்தான். அப்புறம் சட்டைப்பையிலிருந்து கீறல் விழுந்த போனை எடுத்து, இரண்டு வருஷத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான்.

"இந்தா."

மண்டபத்து வாசல். மூங்கில் சாரத்தின்மேல் இம்மானுவேல் பல்லில் கயிற்றைக் கடித்துக்கொண்டு தொங்குகிறான். பின்னால் அதே பேனர். அதே கூலிங்கிளாஸ் பாப்பா, அதே நாற்பத்திரண்டு தலை, அதே பூட்டு சாவி. முத்துமீனாவின் தலைக்கு மேலே மட்டும் வெறும் நீலம்.

"என் வீட்டுக்காரி எடுத்த போட்டோ. இதுதான் நான் கட்டுன பேனர். இதுல எங்கக்கா இருக்கு உன் முத்திரை?"

முத்துமீனா காகிதத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இது?"

"இது கட்டுன பேனரே இல்ல. அடிக்கிறதுக்கு முன்னாடி கடையில போட்ட டிசைன். சரி, வண்டில ஏறு. அழகுராஜாவைக் கேட்டுருவோம்."

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில்தான் அழகுராஜாவின் பேனர் கடை. அறக்கட்டளைக்கு வருஷம் முழுக்கப் பேனர் அடிக்கிறவன். காகிதத்தைப் பார்த்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அய்யோ, இது எங்கிட்டு இருந்துக்கா வந்துச்சு? நான் பண்ணுன தப்புக்கா இது. உங்க போட்டோ எங்க கம்ப்யூட்டர்ல மகளிர் தின பேனர்ல இருந்ததுதான் இருந்துச்சு. வெட்டி எடுக்கையில முத்திரையும் சேந்தே வந்துருச்சு. தங்கப்பொண்ணு அக்கா போட்டோவும் அப்படித்தான், எலெக்சன் பேனர்ல இருந்து சின்னத்தோட எடுத்தேன். முகூர்த்த நேரம், அன்னைக்கு மட்டும் இருபது பேனர். பாக்காம ஒட்டிட்டேன்."

"இதை யாருக்கெல்லாம் அனுப்புன?"

"காதுகுத்துப் பேனர்னா தாய்மாமனுக்கு மட்டும்தான்க்கா அனுப்புவோம். தாய்மாமன் செய்முறைல்ல அது! அவரு ஓகே சொன்னாத்தான் அடிப்போம். மத்தவகளுக்கு அனுப்புனா என் தலை சின்னதா இருக்கு, அவன் தலை பெருசா இருக்குன்னு கடையையே ரெண்டாக்கிருவாய்ங்க. ஒருக்கா அப்படி அனுப்பி மானிட்டரே உடைஞ்சுபோச்சு. அதுல இருந்து தாய்மாமன் ஒருத்தருக்குத்தான்."

"உன் கம்ப்யூட்டர்ல இருந்து யாராச்சும் எடுத்திருந்தா?"

"மாசம் பிறந்தா அழிச்சுருவோம்க்கா. இடம் எங்க இருக்கு?"

இம்மானுவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தங்கப்பொண்ணுவுக்கு அண்ணன் தம்பி ஐந்தாறு பேரெல்லாம் கிடையாது. ஒரே அண்ணன்தான்.

அழகுராஜாவுக்கு நடக்கிறது எதுவும் தெரியாது. நல்லது சொல்கிற நினைப்பில் அவன்பாட்டுக்குப் பேசினான்.

"சாரு பத்தே நிமிசத்துல போன் பண்ணிட்டாருக்கா. 'தம்பி, மொதல்ல அந்த முத்திரையை எடு. தேர்தல் நேரம். இது வெளிய போச்சுன்னா என் சம்சாரம் டிரஸ்ட்டே போயிரும்'னாரு. எடுத்துட்டு மறுபடி அனுப்பி, அவரு பாத்து ஓகே சொன்னப்பெறகுதான் அடிச்சேன். நல்ல மனுசன்க்கா. அவரு மட்டும் கவனிக்கலேன்னா அன்னைக்கே உங்க பொழப்பு சிரிப்பாச் சிரிச்சிருக்கும்."

முத்துமீனா கடை வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் அன்றைக்கு அவளைக் காப்பாற்றியிருக்கிறான். அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. இந்தப் படம் வெளியே போனால் அறக்கட்டளை நிற்காது என்று இரண்டு வருஷம் முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எடுக்கச் சொன்னான். தெரிந்துதான் இப்போது கொடுத்திருக்கிறான். வேறு யாரோ ஒருத்தன் செய்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இதற்கு எப்படி அழுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

காலையில் வேப்பமரத்தடியில் நின்று இம்மானுவேல் பேரை எடுத்தானே, அது வேறு இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"என்னைய மன்னிச்சிருடா தம்பி."

"வண்டில ஏறு. பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்."

"நீயும் திருநகருக்கு வாடா. எனக்குக் கை காலு ஓடல."

"நான் வரலக்கா. மச்சான் வீட்டு வாசல்ல நின்னு நான் வாயைத் திறந்தா அது வேற மாதிரி ஆயிரும். நீயே கேளு." பஸ் வரும்வரை கூடவே நின்றான். அவள் படியில் கால் வைத்தபோதுதான் சொன்னான். "நான் செஞ்சிருப்பேன்னு உனக்குத் தோணுச்சுல்ல? அதைத்தான்க்கா என்னால தாங்க முடியல."

பஸ் கிளம்பிவிட்டது. நல்லவேளை, பதில் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லாமல் போயிற்று.

திருநகர் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறு. மகள் பவதாரிணி ஹாலில் அரசுத் தேர்வுப் புத்தகங்களைப் பரப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ராஜபாண்டி சமையற்கட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தான். மனைவிக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீ. அவளுக்கு அதுதான் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"வந்துட்டியா? என்ன சொன்னான் உன் தம்பி?"

"அவன் ஒன்னும் சொல்லலங்க. அழகுராஜாதான் சொன்னான். நீங்க ரொம்ப நல்ல மனுசனாம்."

ராஜபாண்டி அடுப்பை அணைத்தான். டீயை வடிகட்டவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"தாய்மாமனுக்கு மட்டும்தான் டிசைன் அனுப்புவானாம். பத்தே நிமிசத்துல போன் பண்ணி முத்திரையை எடுக்கச் சொன்னீங்களாம். எடுக்கச் சொன்ன நீங்களே எப்படிங்க அதை எடுத்துக் குடுத்தீங்க?"

இல்லை என்று சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். சொல்லிவிட மாட்டானா என்றுகூட இருந்தது.

"மூனு தடவை ஆபீசுக்கே வந்தான் மீனா. மலையாண்டின்னு குவாரிக்காரனோட ஆளு. மொதத் தடவை நல்லாத்தான் பேசுனான். ரெண்டாந்தடவை, பவி எந்தக் கோச்சிங் சென்டர், எத்தனை மணி பஸ்ஸுன்னு கேட்டான். மூனாந்தடவை பஸ் ஸ்டாப்புல இவ நிக்கிற போட்டோவைக் காட்டுனான்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்தியிருப்பியா? கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போயி உக்காந்திருப்ப! கவர்மெண்டே வந்து பூட்டிருச்சுன்னா உனக்கும் கேவலம் இல்ல. பயந்து விட்டுட்டான்னு ஒருத்தனும் பேச மாட்டான். நாம மூனு பேரும் உசுரோட இருப்போம். அம்புட்டுத்தான் நான் நெனச்சது."

முத்துமீனா ஒரு நிமிஷம் இளகித்தான் போனாள். பெற்ற பிள்ளையின் படத்தைக் காட்டினால் எவனுக்குத்தான் குலை நடுங்காது? அந்த அளவுக்கு அவன்மேல் அவளுக்குப் பிரியம் இருந்தது. ஆனால் ஒன்றரை மாதமாக அந்த மனுவை வரிக்கு வரி படித்து வைத்திருப்பவள் அவள்.

"மனுவை எழுதுனது யாரு? மலையாண்டியா, நீங்களா?"

ராஜபாண்டி டீப் பாத்திரத்தைத் தட்டால் மூடி வைத்தான்.

"மொட்டையா டைப் அடிச்சு வந்தாலும் எங்க குழுக் கூட்டம் எந்தெந்தத் தேதில நடந்துச்சுங்கறது வரைக்கும் அதுல இருந்துச்சு. நான் வீட்ல சாப்பிடையில சொன்னதெல்லாம் இருந்துச்சு. பதினோரு குற்றச்சாட்டுங்க! பயந்தவன் ஒன்னு எழுதுவான். உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பதினொன்னு எழுதுனது எந்தப் பயத்துல?"

ராஜபாண்டியின் முகம் மாறியது. இருபத்திரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"ஆபீசுல கேட்டா முத்துமீனா புருஷன். ஊருக்குப் போனா முத்துமீனா வீட்டுக்காரரு. என் சொந்தத் தங்கச்சி கூட, 'அண்ணே, மதினியைக் கேட்டுட்டுச் சொல்லுங்க'ங்கறா. எனக்குன்னு ஒரு பேரு இருக்கா இல்லையா? எழுத உக்காந்தேன். ஒன்னோட நிறுத்தத்தான் நெனச்சேன். கை நிக்கல."

"இம்மானுவேல் பேரை எதுக்கு எடுத்தீங்க?"

ராஜபாண்டி டம்ளரை எடுத்து வைத்துவிட்டு வடிகட்டியைத் தேடினான்.

முத்துமீனா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அழுகை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அறுபத்து மூன்று வீட்டுக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது.

"சரி, போனது போகட்டும். நாளைக்கு எங்கூட வாங்க. 'டிசைன் எனக்குத்தான் வந்துச்சு, தப்பா இருந்துச்சு, நான்தான் எடுக்கச் சொன்னேன்'னு அந்த மேடம் முன்னாடி சொல்லுங்க. மனு குடுத்ததை நீங்க சொல்ல வேணாம். நானும் சொல்ல மாட்டேன், பவி மேல சத்தியம். இந்த ஒரு உண்மையை மட்டும் சொல்லுங்க, போதும்."

"சொன்னா, அது அவங்க பைலுக்கு எப்படிப் போச்சுன்னு அடுத்த கேள்வி வரும். என் வேலை போயிரும். மலையாண்டியும் சும்மா விட மாட்டான். நான் வரல மீனா."

"அப்ப அழகுராஜாவைக் கூட்டிட்டுப் போறேன்."

"அவன் உன் டிரஸ்ட்டுல பொழைக்கிறவன். உனக்காகப் பேசுறாம்பாங்க."

"இம்மானுவேல் போட்டோ இருக்கு."

"அது உன் தம்பி போட்டோ. நீங்களே முத்திரையை அழிச்சுட்டீங்கம்பாங்க." ஆபீசில் பைல் படித்துக் காட்டுகிற குரல் அவனுக்கு வந்துவிட்டது. "என்னையக் கூப்பிட்டுக் கேட்டா, எனக்கு எந்த டிசைனும் வரலைன்னு சொல்லிருவேன்."

"சொல்லுவீங்களா? என் மூஞ்சியைப் பாத்துட்டு?"

"சொல்லுவேன்."

காலையிலிருந்து இத்தனை நடந்தும், இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயந்து செய்தான், பொறாமையில் செய்தான், அதெல்லாம் செய்து முடித்தது. இது அப்படி இல்லை. இப்போது, அவள் கண்ணெதிரே, டீ ஆறுவதற்குள் செய்வது. அறக்கட்டளை முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்குச் சாயங்காலம் ரிப்போர்ட் போய்விடும்.

"அப்பாவால அப்படிச் சொல்ல முடியாதும்மா."

பவதாரிணி சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ தெரியவில்லை. கையில் ஒரு போன்.

"புதுப் போன் வாங்குனப்ப இந்தப் பழைய போனை எனக்குக் குடுத்தாருல்ல. வாட்ஸப்பை அழிச்சிருந்தாரு, போட்டோ எதையும் அழிக்கல. அழகுராஜா அண்ணே அனுப்புன டிசைன் தேதியோட இருக்கு. கையால எழுதி அடிச்சு அடிச்சுத் திருத்துன மனுவும் போட்டோவா இருக்கு. பதினொன்னும் இருக்கும்மா."

ராஜபாண்டி மகளைப் பார்த்தான். "பவி, அதைக் குடு இங்க" என்று கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

முத்துமீனாவுக்கு அன்றைக்கெல்லாம் அப்போதுதான் மூச்சு வந்தது. எழுந்து போய் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கட்டினவன் கைவிட்டால் என்ன, பெற்றது கைவிடவில்லை. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள் மகளோடு அந்தப் படியேறிவிடலாம். அறுபத்து மூன்று வீடும் பிழைத்தது.

"என் தங்கம்! என் குலசாமி! இதை இப்பத்தான் பாத்தியா?"

பவதாரிணி போன் திரையை அணைத்தாள்.

"எப்பப் பாத்த பவி?"

"போனு எங்கைக்கு வந்த அன்னைக்கு."

அது நாலு மாதம் முன்னால். நோட்டீஸ் வந்தே ஒன்றரை மாதம்தான் ஆகிறது. அணைத்திருந்த கை அவளை அறியாமலே தளர்ந்தது.

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சுமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

பவதாரிணி அம்மாவின் தோளுக்கு மேலாக அப்பாவை ஒருமுறை பார்த்தாள். போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் அந்த டிரஸ்ட்டைப் பூட்டிட்டாத் தேவலைன்னு இருந்துச்சும்மா" என்றாள்.